ஆற்றில் எதிர்ப்படும் இருவர்

நிலத்திலே சாலைக்கும் வயலுக்கும் இடையில் ஒரு வரப்பு உண்டு. வண்டி சாலையில் போகும். ஏர் வயலில் போகும். ஒன்றன் வழியில் மற்றொன்று குறுக்கிடுவதில்லை. ஆற்றின் இயல்பு அத்தகையதன்று. ஆறு ஒரே வேளையில் சாலையாகவும் இருக்கிறது, வயலாகவும் இருக்கிறது. படகில் செல்பவனுக்கு அது வழி. மீன் பிடிப்பவனுக்கு அது விளைநிலம். ஒருவன் போய்க்கொண்டே இருக்க வேண்டியவன். மற்றவன் நின்ற இடத்தில் நிற்க வேண்டியவன். இவ்விருவரும் குறுகிய ஓர் ஆற்றில் எதிர்ப்பட்டால் யார் யாருக்கு வழிவிடுவது?

கேட்பதற்கு இது மிகச் சிறிய கேள்வி. ஆயினும் இதனை முன்னிட்டு அரசர்கள் சாசனம் எழுதியிருக்கிறார்கள், கோமக்கள் வழக்காடியிருக்கிறார்கள், ஒரு நாட்டின் உச்ச நீதிபதிகள் நாட்கணக்கில் வாதங்களைக் கேட்டிருக்கிறார்கள். இறுதியில் அதற்குக் கிடைத்த விடையோ சட்டப் புத்தகத்தில் மட்டும் அடங்குவதாயில்லை. இடுப்பளவு நீரில் நிற்கும் தூண்டிற்காரர் ஒருவர் கையை உயர்த்திக் காட்டும் குறிப்பிலும், அதைக் கண்டு துடுப்பைத் தூக்கி நிறுத்தும் படகோட்டியின் பணிவிலும் அவ்விடை இருக்கிறது. அந்தச் சிறு மரியாதைக்குப் பின்னால் உள்ள வரலாற்றையே இன்று உங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலும் பிரிட்டனில் நடந்த வரலாறு இது. இடையே ஒருமுறை அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவுக்கும் போய் வருவோம்.

கதை தேம்ஸ் நதிக்கரையில் தொடங்குகிறது. 1215-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அந்நதியின் கரையிலுள்ள ரன்னிமீடு என்னும் புல்வெளியில், ஜான் மன்னன் தன் பிரபுக்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி மகாசாசனத்தை ஒப்புக்கொண்டான் என்பதை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். நியாயமான விசாரணையின்றி எவரையும் சிறைப்படுத்தலாகாது என்ற புகழ்பெற்ற பிரிவு அதில் இருக்கிறது. அதே சாசனத்தின் 33-ஆவது பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. தேம்ஸ், மெட்வே ஆகிய ஆறுகளிலிருந்தும், கடற்கரை நீங்கலாக இங்கிலாந்து முழுவதிலிருந்தும் மீன் அடைப்புகள் யாவும் அகற்றப்பட வேண்டும் என்று அது கூறுகிறது.

மீன் அடைப்பு என்பது யாது? ஆற்றின் குறுக்கே வரிசையாகக் கழிகளை நட்டு, மெல்லிய கொம்புகளை அவற்றினூடே வேலிபோலப் பின்னுவார்கள். இடையில் ஒரு வாய் விட்டு, அதில் பறியையோ வலையையோ பொருத்துவார்கள். வேலியின் ஓரமாக வரும் மீன் அந்த வாய்க்குள் தானே சென்று அகப்படும். மீனவனுக்கு இது பெரிய வசதி. படகோட்டிக்கோ நடுச்சாலையில் எழுப்பிய சுவர். அக்காலத்தில் நல்ல சாலைகள் இல்லாமையால் தானியமும் விறகும் துணியும் ஆற்றின் வழியாகவே இலண்டனுக்கு வந்தன. ஆகவேதான் இலண்டன் நகரத்தார் 1197-ஆம் ஆண்டிலேயே முதலாம் ரிச்சர்டு மன்னனிடம் தேம்ஸின் அடைப்புகளை நீக்குவதற்கு ஓர் ஆணையைப் பெற்றிருந்தனர். அந்த ஆணை பயன் தராமற்போனதால்தான் மகாசாசனத்திலும் அது இடம்பெற்றது.

மகாசாசனத்தாலும் அடைப்புகள் மறையவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் எட்வர்டு காலத்தில் மீண்டும் ஒரு சட்டம். 15-ஆம் நூற்றாண்டில் நான்காம் எட்வர்டு காலத்தில் மீண்டும் ஒரு சட்டம். மாணவர்களாகிய நீங்கள் இங்கே வரலாறு கற்கும் முறை ஒன்றை அறிந்துகொள்ளலாம். ஒரே சட்டத்தை அரசுகள் திரும்பத் திரும்ப இயற்றுகின்றன என்றால், அச்சட்டம் வலிமை வாய்ந்தது என்று பொருளன்று. அதை யாரும் பொருட்படுத்தவில்லை என்றே பொருள். அடைப்புக்குச் சொந்தக்காரர்கள் மடாலயத் தலைவர்களும் நிலப்பிரபுக்களும் ஆவர். படகோட்டியோ கூலிக்கு உழைப்பவன். வலியவன் வேலி கட்டினான். எளியவன் அதன் முன் காத்திருந்தான். அவர்களிடையே அன்று கெஞ்சுதலும் சண்டையும் இருந்தன, மரியாதை இல்லை.

காலம் செல்லச் செல்ல மீன் பிடிப்பது பிழைப்பாக மட்டுமின்றிப் பொழுதுபோக்காகவும் ஆயிற்று. 1653-ஆம் ஆண்டில் ஐசக் வால்டன் தூண்டிற்கலையைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்தது. அமைதியை நாடுபவரின் கலை என்று அதை அவர் போற்றினார். 19-ஆம் நூற்றாண்டில் படகும் அவ்வாறே உல்லாசத்துக்கு உரியதாயிற்று. இருப்புப்பாதை சரக்கு வாணிபத்தைக் கவர்ந்துகொண்ட பிறகு, தேம்ஸில் சரக்குப் படகுகள் குறைந்து உல்லாசப் படகுகள் பெருகின. நீராவிப் படகுகள் எழுப்பிய அலையால் சிறு படகுகளும் தூண்டில் போடுவோரும் அல்லற்பட்டனர். பாராளுமன்றக் குழு ஒன்று 1884-இல் இதனை ஆராய்ந்தது. மறு ஆண்டே, டெடிங்டனுக்கு மேலுள்ள தேம்ஸைப் பொதுமக்களின் பொழுதுபோக்குக்காகக் காக்கும் சட்டம் பிறந்தது. 1889-இல் ஜெரோம் கே. ஜெரோம் எழுதிய நகைச்சுவை நூலாகிய ‘படகில் மூவர்’ இந்தப் பூசலை நமக்குச் சித்திரமாக வைத்திருக்கிறது. அதில் பாய்விரித்துச் செல்லும் நண்பர்கள், தட்டைப் படகில் நாற்காலி போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த மூன்று முதியவர்கள் மீது மோதி அவர்களைக் குப்புறத் தள்ளிவிடுகிறார்கள். நாம் சிரிக்கிறோம், அந்த முதியவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் தேம்ஸ் அகன்ற ஆறு. இருவருக்கும் இடம் உண்டு. அகலமும் ஆழமும் குறைந்து, நீரின் வேகம் மிகுந்த ஆற்றிலே, படகுமில்லாமல் தன் கால்களை மட்டும் நம்பி மீனவன் நிற்கும் இடத்தில்தான் இந்தக் கேள்வி உண்மையில் கூர்மை பெறுகிறது. அதற்கு நாம் வடக்கே ஸ்காட்லாந்து நாட்டின் ஸ்பே நதிக்குச் செல்ல வேண்டும்.

ஸ்பே நதி மலைநாட்டின் ஒரு சிறு ஏரியில் தோன்றி, வடகிழக்காக ஏறத்தாழ நூறு மைல் ஓடி, மோரே வளைகுடாவில் கலக்கிறது. வேகத்துக்குப் பேர்போன ஆறு அது. பெரும்பாலான ஆறுகள் கடலை நெருங்கும்போது தளர்ந்து நடக்கும். ஸ்பேயின் வேகமோ கடலருகிலும் பெரிதும் தணிவதில்லை. அதன் படுகை உருளும் கூழாங்கற்களால் ஆனது. சால்மன் என்னும் மீன் முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து இந்த ஆற்றில் எதிரேறி வருகிறது. மேற்பகுதியின் மலைச்சரிவுகளில் பைன் மரக்காடுகள் செழித்திருந்தன. கீழிருந்து மேலே வரும் மீன். மேலிருந்து கீழே வரவேண்டிய மரம். இவ்விரண்டுமே ஸ்பேயின் செல்வம். இவ்விரண்டுமே அதன் வழக்குகளுக்கும் காரணம்.

சால்மனைப் பிடிக்க இங்கும் ஆற்றின் குறுக்கே அடைப்புகள் இருந்தன. அவற்றைப் பற்றிப் பழைய ஸ்காட்லாந்துச் சட்டம் ஒன்று நம் கவனத்துக்கு உரியது. வாரந்தோறும் சனிக்கிழமையன்று அடைப்புகளைத் திறந்துவிட வேண்டும். வார இறுதி முடியும்வரை மீன்கள் தடையின்றி மேலே போகட்டும் என்பது அது. ஆற்றை ஒருவரே எந்நேரமும் தம்முடையதாக வைத்துக்கொள்ளக் கூடாது, காலத்தைப் பங்கிட்டால் இடத்தையும் பங்கிடலாம் என்ற எண்ணத்தின் முதல் முளை இதில் தெரிகிறது. இந்த எண்ணத்தை நாம் பின்னும் சந்திப்போம்.

இனி மரத்தின் கதை. பழங்காலத்தில் ஸ்பே நதியில் குராக் என்னும் தோற்படகு இருந்தது. பிரம்பு போன்ற வளையும் கொம்புகளால் கூடு முடைந்து, அதன்மேல் மாட்டுத்தோலைப் போர்த்திச் செய்வது. காவிரியில் ஓகேனக்கல் முதலிய இடங்களில் நாம் காணும் பரிசலுக்கு அதை உறவு என்றே சொல்லலாம்; செய்முறை அவ்வளவு ஒத்திருக்கிறது. ஓர் ஆள் அதில் அமர்ந்து, வெட்டிய மரங்களைக் கயிற்றால் பிணைத்துத் தனக்குப் பின்னால் மிதக்கவிட்டுக் கீழே கொண்டுவருவான். கடலருகே மரத்தை ஒப்படைத்தபின், படகை முதுகில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு கால்நடையாக ஊர் திரும்புவான்.

1728-ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த யார்க் பில்டிங்ஸ் கம்பெனி என்னும் நிறுவனம், ஸ்பே பள்ளத்தாக்கிலுள்ள அபர்நெதிக் காட்டில் அறுபதினாயிரம் மரங்களை ஏழாயிரம் பவுனுக்கு வாங்கிற்று. குராக் படகின் பின்னால் சில மரங்களை இழுத்துவரும் முறை அவர்களுக்குப் போதவில்லை. பெரிய தெப்பங்கள் கட்டினார்கள். வழியிலே குறுக்கிட்ட பாறைகளை, நீர் வற்றிய காலத்தில் அவற்றின்மேல் தீமூட்டிச் சூடேற்றிப் பின்பு தண்ணீரை ஊற்றிப் பிளந்தார்கள். அந்நிறுவனத்தின் சார்பில் இப்பணியை நடத்தியவர் ஆரன் ஹில் என்னும் கவிஞர் என்பது ஒரு வியப்பு. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறு வணிகர் இருவர் ஆற்றின் முகத்துவாரத்திலே கிங்ஸ்டன் என்ற ஊரை நிறுவினர்; மலையிலிருந்து மிதந்துவந்த பைன் மரங்கள் அங்கே கடலோடும் கப்பல்களாயின.

மேலிருந்து வரும் தெப்பம் கீழே குறுக்கிட்டு நிற்கும் மீன் அடைப்பில் மோதாமல் இருக்குமா? கீழ்ப்பகுதியில் மீன் உரிமையும் அடைப்பும் உடையவர் கார்டன் கோமகன். மேற்பகுதியில் காடுகளை உடையவர் கிராண்டு குலத் தலைவர். இருவரும் வழக்காடினர். 1781-இல் ஸ்காட்லாந்தின் உயர் நீதிமன்றத்திலும், 1782-இல் இலண்டன் பிரபுக்கள் சபையிலும் அவ்வழக்கு நடந்தது. ஆற்றின் வழியாக மரம் கொண்டுபோகும் உரிமை உண்டு. மீன் அடைப்பு அதற்கு இடங்கொடுத்தே நிற்க வேண்டும் என்பது முடிவின் சாரம். வழக்காடியவர்கள் இரு பெருஞ் செல்வர்கள்தாம். ஆயினும் அந்த உரிமையை உண்மையில் உண்டாக்கியவர்கள், ஆண்டுதோறும் குளிர்ந்த நீரில் நனைந்து தெப்பம் ஓட்டிய பெயர் தெரியாத கூலியாட்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அவர்கள் நடந்த தடமே நீரின்மேல் ஒரு பொது வழியாயிற்று. அதன் பயனை இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வேறு யாரோ அடையப்போகிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருப்புப்பாதை அப்பள்ளத்தாக்கை அடைந்தது. தெப்பங்கள் மறைந்தன. ஆறு அமைதியாயிற்று. அந்த அமைதியில் ஒரு புதிய மனிதர் ஆற்றுக்குள் இறங்கினார். அவர்தாம் நீரில் நின்று தூண்டில் வீசும் சால்மன் வேட்டைக்காரர். கரையோர நிலத்தோடும் மீன் உரிமையோடும் கூடிய ஆற்றுப் பகுதிகள் மிகுந்த விலை பெற்றன. ஒரு வாரம் அங்கே தூண்டில் போடுவதற்காகச் செல்வர்கள் பெருந்தொகை கொடுத்தார்கள்.

அவர் செய்வது எளிய செயலன்று. இடுப்பளவு நீரில் இறங்கி, உருளும் கற்களின்மேல் காலூன்றி, இரு கைகளாலும் நீண்ட கோலைப் பிடித்து, பூச்சிபோலச் செய்த தூண்டில் முள்ளை ஆற்றின் குறுக்கே சாய்வாக எறிகிறார். நீரோட்டம் அதனை மெல்ல வளைத்துக் கீழே கொண்டு செல்கிறது. ஓர் எறிதலுக்கு ஓர் அடி என்று மடுவின் தலையிலிருந்து அதன் வால்வரை இறங்கிச் செல்கிறார். பின்னால் மரங்கள் அடர்ந்திருப்பதால் நூலைப் பின்புறம் வீச இடமில்லை. அதற்காகவே நூலை முன்னால் சுழற்றி எறியும் ஒரு முறை இந்த ஆற்றில் உருவாகி, ‘ஸ்பே வீச்சு’ என்று இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. பல மணி நேரம் நின்றும் ஒரு மீன்கூட அகப்படாத நாட்களே மிகுதி. அந்த ஒரு மீன் இருக்கக்கூடிய மடுவில், அது எழும்பக்கூடிய கணத்தில், பத்துப் படகுகள் சலசலவென்று வந்து சேர்ந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்?

அந்தப் படகுகள் 1960-களின் இறுதியில் வந்தன. ஸ்பே நதியின் மேற்பகுதியில் தோணி ஓட்டவும் பாய்ப்படகு செலுத்தவும் கற்பிக்கும் பள்ளி ஒன்று தோன்றிற்று. அதன் பெயர் கெய்ர்ன்கார்ம் தோணிப் பள்ளி. இளைஞர்கள் துடுப்புப் பிடிக்கப் பழகி, ஆற்றின் வழியே பல மைல் கீழே இறங்கிச் சென்றார்கள். நாக்காண்டோ என்னும் பண்ணையின் உரிமையாளர்கள், தங்கள் பகுதியில் மீன் உரிமை கெடுகிறது என்று நீதிமன்றம் சென்றார்கள். வழக்கு படிப்படியாக ஏறி, அந்நாளில் பிரிட்டனின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபையை அடைந்தது.

பண்ணையாரின் வாதம் வலுவானது. ஆற்றின் படுகை எங்களுடையது. மீன் பிடிக்கும் உரிமையும் எங்களுடையது. பழைய தெப்பங்கள் வாணிபத்துக்காக ஓடின. இந்தத் தோணிகளோ விளையாட்டுக்காக ஓடுகின்றன. தெப்பம் கீழே மட்டும் போகக்கூடியது. மேலும் கீழும் போய்வருவதல்லவா நீர்வழிப் போக்குவரத்து? மேலும் தெப்பங்கள் நின்று பல காலம் ஆயிற்றே. உரிமை இருந்திருந்தாலும் அது அற்றுப்போயிருக்குமே என்பது அவர்களது கட்சி. 1976-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை இவற்றை ஏற்க மறுத்தது. நெடுங்காலம் மரம் மிதந்து சென்றதால் ஸ்பேயில் பொதுமக்களுக்குப் படகுவழி உரிமை பிறந்துவிட்டது; கீழ்நோக்கி மட்டும் போவதும் போக்குவரத்தே; ஒருமுறை பிறந்த அவ்வுரிமை பயன்படுத்தாமையால் இறப்பதில்லை; தோணியில் செல்பவனும் அதைப் பெறலாம் என்று தீர்ப்பாயிற்று. பெயர் தெரியாத தெப்பக்காரன் இறந்து ஒரு நூற்றாண்டாகியும், அவன் திறந்த வழி மூடப்படவில்லை.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1972-இல், இங்கிலாந்தின் வார்ஃப் நதியைப் பற்றிய வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு மாறான முடிவு கூறியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே பொதுப் படகுவழி உரிமை நிலைநாட்டப்படவில்லை. ஆகவே தோணிகள் மீன்களைக் கலைப்பது மீன் உரிமையில் குறுக்கிடுவதாகும் என்று நீதிபதிகள் கருதினர். இரண்டு ஆறுகளின் நீரும் ஒன்றே, தோணியும் ஒன்றே, வேறுபட்டது வரலாறு மட்டுமே.

இதைவிட வியப்பான ஓர் ஒப்புமை அமெரிக்காவில் உண்டு. அங்கே மிச்சிகன் மாநிலத்தில் பைன் என்ற பெயருடைய ஓர் ஆறு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அம்மாநிலத்தின் பெருங்காடுகளை வெட்டி, மரங்களை ஆறுகளில் மிதக்கவிட்டார்கள். அந்த மரங்கள் ஆற்றுப் படுகையை அரைத்துச் சிதைத்தன. அதனாலும், அளவுக்கு மீறிப் பிடித்ததாலும், பிற காரணங்களாலும், அங்கே நிறைந்திருந்த கிரேலிங் என்னும் அழகிய மீனினம் அம்மாநிலத்திலிருந்தே மறைந்துபோயிற்று. பின்பு டிரவுட் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இருகரையும் படுகையும் தமக்குச் சொந்தம் என்ற நிலவுரிமையாளர் ஒருவர், ஆற்றில் இறங்கி நடந்து டிரவுட் பிடித்த ஒருவர்மேல் அத்துமீறல் வழக்குத் தொடுத்தார். 1926-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்தது. மரம் மிதந்து சென்ற ஆறு ஆதலால் அது பொது நீர்வழி. பொது நீர்வழியில் மீன் பிடிப்பதும் பொதுமக்களின் உரிமை. கரைநிலத்தில் கால் வைக்காமல் நீருக்குள்ளேயே நடந்து தூண்டில் போடுபவரைத் தடுக்க முடியாது என்று கூறிற்று.

மாணவர்களே, இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் மிதந்த மரம் படகோட்டிக்கு வழி திறந்தது. மிச்சிகனில் மிதந்த மரம் நீரில் நிற்கும் தூண்டிற்காரனுக்கு வழி திறந்தது. ஓரிடத்தில் தூண்டிற்காரர் செல்வரின் பக்கம் நிற்கிறார். மற்றோரிடத்தில் அவரே வேலியைத் தாண்டிவந்த எளியவராக நிற்கிறார். ஆகவே படகோட்டி நல்லவன், தூண்டிற்காரன் பொல்லாதவன் என்றோ, அதற்கு எதிராகவோ நாம் கட்சி கட்டுவதற்கு இடமில்லை.

தீர்ப்புகள் வந்துவிட்டன. பூசல் தீர்ந்ததா? யாருக்கு உரிமை என்பதை மட்டுமே நீதிமன்றம் சொல்ல முடியும். ஒரு புதன்கிழமைக் காலையில், வளைவொன்றைத் தாண்டியதும் நாற்பது அடி தூரத்தில் ஒருவர் நீருக்குள் நிற்பதைக் காணும் படகோட்டி அந்தக் கணத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை எந்தத் தீர்ப்பும் சொல்லித் தராது. அதை இருதரப்பாரும் ஒருவர் தொல்லையை ஒருவர் அறிந்து தாமே வகுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவ்வாறு வழக்கில் வந்த முறைகளைச் சிறிது விளக்குகிறேன். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு காரணம் இருக்கிறது.

தூண்டிற்காரர் ஆற்றின் கீழ்த்திசையை நோக்கி நிற்கிறார். படகு மேல்திசையிலிருந்து, அவர் முதுகுப்புறமாக வருகிறது. நீரின் இரைச்சலில் துடுப்பின் ஒலி அவர் காதில் விழாது. ஆகவே படகோட்டி தொலைவிலேயே வேகத்தைத் தணித்து, ஓட்டம் குறைந்த ஓரத்தில் ஒதுங்கி, தாம் வந்திருப்பதை அவர் அறியும்வரை பொறுக்க வேண்டும். இது வெறும் உபசாரம் அன்று. காலடியில் கற்கள் உருளும் இடத்தில் நிற்பவர் திடுக்கிட்டுத் திரும்பினால் நிலை தவறுவார். அந்தக் குளிர்ந்த வேகத்தில் நிலை தவறியவர் உயிருக்கு உறுதி கூற முடியாது.

கண்டதும் தூண்டிற்காரர் நூலைச் சுருட்டியோ உயர்த்தியோ, எப்பக்கமாகச் செல்லலாம் என்று கையால் காட்ட வேண்டும். அவர் காட்டிய பக்கமே படகு செல்ல வேண்டும். மீன் எங்கே கிடக்கிறது, நீர் எங்கே ஆழம் என்பதை அவரே அறிவார். பல படகுகள் வந்தால் ஒன்றன்பின் ஒன்றாக நெடுநேரம் இழுத்துக்கொண்டு போகாமல், சேர்ந்து ஒருமிக்க, துடுப்போசையும் பேச்சோசையும் குறைத்துக் கடந்துவிட வேண்டும். ஒருமுறை கலைந்த மடு சிறிது நேரத்தில் அமைதியடையும். பத்துமுறை கலைந்த மடு அன்றைய பொழுதுக்கு வீண். மடுவிலே நின்று விளையாடுவதும் திரும்பி வருவதும் ஆகாது.

தூண்டிற்காரருக்கும் கடமை உண்டு. ஓட்டத்தில் அகப்பட்ட படகை வண்டியைப்போல நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஒதுங்கி நிற்பவரை அவர் நெடுநேரம் காக்க வைக்கலாகாது. வரும் படகை நோக்கி முள்ளை வீசுவது பெரிய ஆபத்து. அறியாத சிறுவர்கள் தவறான பக்கமாக வந்துவிட்டால் வசைபாடாமல் வழிகாட்டுவதே முறை. நிற்பவரின் அச்சம் போகிறவருக்குத் தெரியாது. போகிறவரின் இக்கட்டு நிற்பவருக்குத் தெரியாது. இரண்டையும் இருவருக்கும் தெரியச் செய்வதே இம்முறைகளின் உட்பொருள்.

காலத்தைப் பங்கிடும் பழைய எண்ணமும் இங்கே மீண்டும் துணைக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சால்மன் பிடிப்பது சட்டப்படி கூடாது. ஓய்வுநாளுக்காக ஏற்பட்ட அவ்விதி, தோணிக்காரர்கள் யாருக்கும் இடையூறின்றிச் செல்லும் நாளாகவும் பயன்பட்டது. மிச்சிகனின் பைன் ஆற்றில் கோடைக்காலத்தில் படகுகளுக்கு அனுமதிச் சீட்டும் குறித்த நேரமும் ஏற்படுத்தினார்கள். காலையும் மாலையும் தூண்டிலுக்கு, நடுப்பகல் படகுக்கு என்றாயிற்று.

2003-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் ஒரு நிலச் சீர்திருத்தச் சட்டம் இயற்றிற்று. இயந்திரமில்லாத படகில் செல்வோர்க்கு, மரம் மிதந்த ஆறா இல்லையா என்ற ஆராய்ச்சியே இன்றி, நாட்டின் ஆறுகளிலும் ஏரிகளிலும் செல்லும் உரிமையை அது வழங்கியது. ஆனால் அந்த உரிமைக்கு ஒரு நிபந்தனை வைத்தது: பொறுப்போடு நடந்துகொள்பவருக்கே அது உண்டு. பொறுப்பு என்றால் என்ன என்பதை விளக்க ஒரு நடைமுறைத் தொகுப்பும் எழுதப்பட்டு, 2005-இல் சட்டத்தோடு நடைமுறைக்கு வந்தது. பிறர் நலத்தை மதித்தல், இயற்கையைப் பேணுதல், தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்றல் என்ற மூன்றும் அதன் அடிப்படை. மகாசாசனம் வேலியை அகற்று என்று ஆணையிட்டது. இந்தச் சட்டமோ வழியைத் திறந்துவிட்டு, நடக்கும் முறையை நடப்பவரிடமே ஒப்படைத்தது.

இந்த எண்ணூறு ஆண்டு வரலாற்றிலிருந்து நான் கண்டறிந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். மரியாதை என்பதை நாம் பெரும்பாலும் உரிமைக்கு எதிரானதாக எண்ணுகிறோம். உரிமை உள்ளவன் கேட்டுப் பெறுவான், உரிமை இல்லாதவன் பணிந்து போவான், அதுவே மரியாதை என்று கருதுகிறோம். ஆறுகளின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. அடைப்புக்காரர் மட்டுமே வலியவராக இருந்த நாளில் படகோட்டியிடம் இருந்தது பணிவு அன்று, அச்சம். ஒருவருக்கு மட்டும் உரிமை இருக்கும் ஆற்றில் மற்றவர் துரத்தப்படுகிறார்; அங்கே மரியாதைக்கு வேலையில்லை. நீரில் இருவருக்கும் இடம் உண்டு என்று ஏற்பட்ட பிறகுதான், கையை உயர்த்தி வழிகாட்டுவதற்கும் துடுப்பை நிறுத்திக் காத்திருப்பதற்கும் பொருள் உண்டாயிற்று.

கண்ணோட்டம் என்று நம் முன்னோர் ஒரு பண்பைக் குறித்தார்கள். பிறர் நிலையைத் தன் கண்ணால் கண்டு இரங்கும் பண்பு அது. ஓடும் நீரில் நிற்பவனும் போகிறவனும் ஒருவரையொருவர் காண்பது சில கணங்களே. பெயர் தெரியாது, மறுபடி சந்திக்கப் போவதுமில்லை. அந்தச் சில கணங்களில் ஒருவர் பாதுகாப்பு மற்றவர் கையில் இருக்கிறது. ஆறு என்றாலும், தெரு என்றாலும், நாளை நீங்கள் வாழப்போகும் பொதுவாழ்வு என்றாலும், பலரும் ஒன்றாகப் பயன்படுத்தும் இடங்கள் அனைத்தும் அந்தக் கணங்களால்தான் நிலைபெறுகின்றன.